கலவர நாட்களில் வேதத்தின் எச்சரிக்கைகளை எப்படிக் கேட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாட்டில் பதற்றம் கூடுகிற ஒவ்வொரு முறையும் வீட்டு ஜெபக்கூட்டத்திலும் வாட்ஸ்அப் குழுவிலும் அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. சிலர் பயத்தில் கேட்கிறார்கள், சிலர் கோபத்தில் கேட்கிறார்கள், இரண்டு பேருக்கும் பதில் தேவைப்படுகிறது. பல வருஷமாக வேதபாட வகுப்பு எடுப்பவன் என்ற முறையில் நான் சொல்லிவந்ததை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். வசன எண்கள் கொடுத்திருக்கிறேன், வேதத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் படியுங்கள்.

எச்சரிக்கை என்றால் நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்வதுதானே?

நிறையப் பேர் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் வாசித்தேன். ஆனால் யோனாவைப் பாருங்கள். இன்னும் நாற்பது நாளில் நினிவே கவிழும் என்று மட்டும்தான் அவர் அறிவித்தார், மனந்திரும்பினால் தப்பலாம் என்று ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. அந்த ஊர் ராஜாவோ சிங்காசனத்தை விட்டு இறங்கிச் சாம்பலில் உட்கார்ந்தான், அவரவர் தங்கள் கைகளில் இருக்கிற கொடுமையை விட்டுத் திரும்ப வேண்டும் என்று கட்டளை போட்டான் (யோனா 3:8). நகரம் அழியாமல் நின்றது. சொன்னது நடக்காமல் போனதுதான் அந்த எச்சரிக்கைக்குக் கிடைத்த பலன்.

இது ஏதோ ஒருமுறை நடந்த விதிவிலக்கு என்று நினைத்துவிடாதீர்கள். எரேமியா 18:7-10-ல் கர்த்தர் இதைத் தம்முடைய வழக்கமாகவே சொல்கிறார்: ஒரு ஜாதியைப் பிடுங்குவேன் என்று சொன்ன பிறகு அது தன் தீமையை விட்டுத் திரும்பினால் அவரும் அந்தத் தீங்கைச் செய்யாமல் விடுவார். அப்புறம் எரேமியா 26-ல் ஒரு அருமையான காட்சி வருகிறது. ஆலயம் அழியும் என்று சொன்னதற்காக எரேமியாவைக் கொல்ல வேண்டும் என்று ஆசாரியர்கள் கூச்சல் போடுகிறார்கள். அப்போது சில மூப்பர்கள் எழுந்து, ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்னால் மீகாவும் இதையேதான் சொன்னார், எசேக்கியா ராஜா அவரைக் கொல்லவில்லை, கர்த்தருக்குப் பயந்து மன்றாடினான், வரவேண்டிய தீங்கு வரவில்லை என்று நினைவுபடுத்துகிறார்கள். ஒரு தலைமுறை காது கொடுத்துக் கேட்டதால் அடுத்த தலைமுறைக்கு ஊர் மிஞ்சியது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆகையால் ஒரு எச்சரிக்கையைப் படிக்கும்போது 'இது எப்போது நடக்கும்' என்று கணக்குப் போடுவதற்கு முன்னால், 'இதைக் கேட்டவன் எதை விட வேண்டும், எதைச் செய்ய வேண்டும்' என்று தேடுங்கள். அனேகமாக அந்த வசனத்திலோ அதற்கு அடுத்த வசனத்திலோ பதில் இருக்கும்.

இப்போது நடக்கிற கலவரங்கள் கடைசி காலத்தின் அடையாளமா?

யுத்தங்களையும் கலகங்களையும் குறித்துக் கேள்விப்படும்போது பயப்படாதிருங்கள், முடிவு உடனே வராது என்று இயேசுவே சொல்லியிருக்கிறார் (லூக்கா 21:9). அந்த நாளும் நாழிகையும் பிதாவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது, குமாரனுக்கும் தெரியாது என்று மாற்கு 13:32 சொல்கிறது. இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் தேதி குறிக்கும் ஆசை விட்டபாடில்லை. வில்லியம் மில்லரின் போதனையை நம்பிய ஆயிரக்கணக்கானோர் 1844 அக்டோபர் 22 அன்று ஆண்டவர் வருவார் என்று காத்திருந்து நொறுங்கிப்போனார்கள். ஹெரால்ட் கேம்பிங் என்ற வானொலிப் போதகர் 2011 மே 21 என்றார், அதற்காக வேலையை விட்டவர்களும் சேமிப்பைக் கரைத்தவர்களும் உண்டு. அடுத்த வருஷம் தேதி குறித்தது தவறு என்று அவரே ஒப்புக்கொண்டார்.

அடையாளம் தேடுகிற நாம், இதே பேச்சு எழுதப்பட்டிருக்கும் மத்தேயு 24-ல் 12-ஆம் வசனத்தை ஏனோ வேகமாகக் கடந்துபோய்விடுகிறோம். அக்கிரமம் மிகுதியாவதினால் அநேகருடைய அன்பு தணிந்துபோகும் என்பது அது. பூமியதிர்ச்சியும் பஞ்சமும் நம் கையில் இல்லை. அன்பு தணிவது நம் வீட்டுக்குள், நம் பேச்சில், நாம் யாரைப் பார்த்து 'அவர்களுக்கு இது வேண்டும்' என்று சொல்கிறோமோ அந்த இடத்தில் நடக்கிறது. இந்த அத்தியாயத்தில் என்னை உண்மையிலேயே பயமுறுத்துகிற வசனம் அதுதான்.

கலவரத்தில் செத்தவர்களும் வீடு இழந்தவர்களும் தங்கள் பாவத்தினால்தான் அனுபவிக்கிறார்களா?

இல்லை. இந்தக் கேள்வியை இயேசுவிடமே கேட்டுவிட்டார்கள். பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயர் சிலரைப் பிலாத்து வெட்டிக்கொன்ற செய்தியைச் சிலர் வந்து சொல்கிறார்கள், அரசு நடத்திய படுகொலை அது. மற்ற எல்லாரையும்விட இவர்கள் பாவிகள் என்று நினைக்கிறீர்களா, அப்படியல்ல என்று அவர் மறுக்கிறார். சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரையும் அவரே எடுத்துச் சொல்லி அதற்கும் அப்படியல்ல என்கிறார் (லூக்கா 13:1-5). இரண்டு முறையும் கடைசியில் ஒரே வாக்கியம்: நீங்கள் மனந்திரும்பாமற்போனால் எல்லாரும் அப்படியே கெட்டுப்போவீர்கள். செத்தவர்களைப் பற்றிப் பேச வந்தவர்களிடம் உயிரோடிருக்கும் உங்களைப் பற்றிப் பேசலாம் என்கிறார்.

எரிந்த வீட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு இது தேவ கோபம் என்று பிரசங்கிக்கிறவரைக் கண்டால் தயவுசெய்து அந்தப் பகுதியை எடுத்து வாசித்துக் காட்டுங்கள்.

அப்படியானால் மற்றவர்களின் பாவத்தைக் கண்டிக்கவே கூடாதா?

கண்டிக்கலாம், கண்டிக்கவும் வேண்டும். எசேக்கியேல் 33-ல் பட்டயம் வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாத காவற்காரனிடம் இரத்தப்பழி கேட்கப்படும் என்று இருக்கிறது. கேள்வி, எங்கே தொடங்குவது என்பதுதான்.

ஆமோஸ் தெக்கோவா ஊரில் மந்தை பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் புத்தகத்தின் முதல் இரண்டு அதிகாரங்களை ஒரே மூச்சில் சத்தமாக வாசித்துப் பாருங்கள். தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று சுற்றியிருக்கும் பகை நாடுகளின் அக்கிரமங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். கேட்டுக்கொண்டிருந்த இஸ்ரவேலர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டியிருப்பார்கள். அடுத்து யூதா, அண்ணன் தம்பி மாதிரி இருந்த பக்கத்து ராஜ்யம், அதுக்கும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அதற்குப் பிறகு அதே வேகத்தில், அதே வார்த்தைகளில், இஸ்ரவேல். நீதிமானைப் பணத்துக்கும் எளியவனை ஒரு ஜோடு பாதரட்சைக்கும் விற்றுப்போட்டீர்கள் என்கிறார். அயலார் ஒவ்வொருவரைப் பற்றியும் சொல்ல ரெண்டு மூன்று வசனம் போதுமாயிருந்தது, சொந்த ஜனத்துக்கு மீதிப் புத்தகம் முழுவதும் தேவைப்பட்டது. நம்முடைய பிரசங்கங்களில் இந்த அளவு பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. எனக்கு அது வருத்தம்.

சமுதாயம் ஏன் கொந்தளிக்கிறது என்று வேதம் காரணம் சொல்கிறதா?

சொல்கிறது, அதுவும் ரொம்பத் தெளிவாக. 1 இராஜாக்கள் 12-ல் சாலொமோனின் மகன் ரெகொபெயாமிடம் ஜனங்கள் வந்து, உம்முடைய தகப்பன் வைத்த பாரமான நுகத்தைக் கொஞ்சம் இலகுவாக்கும், உமக்கு ஊழியம் செய்வோம் என்று கேட்கிறார்கள். கலகம் செய்ய வந்தவர்கள் இல்லை, மனு கொடுக்க வந்தவர்கள். முதியவர்கள் அவனிடம், இன்று நீ இவர்களுக்குச் சேவகனாக இருந்து நல்ல வார்த்தை சொன்னால் என்றைக்கும் உன்னோடு இருப்பார்கள் என்று புத்தி சொன்னார்கள். அவனோ தன்னோடு வளர்ந்த வாலிபர்களின் பேச்சைக் கேட்டு, என் தகப்பன் உங்களைச் சவுக்கினால் அடித்தார், நான் தேளினால் தண்டிப்பேன் என்றான். பத்துக் கோத்திரம் பிரிந்துபோனது. அதன் பிறகு அவன் அனுப்பிய ஆளோ கட்டாய வேலைக்குத் தலைவனாக இருந்த அதோராம், அவனைக் கல்லெறிந்து கொன்றார்கள். மூன்று நாள் அவகாசம் இருந்தது, நல்ல ஆலோசனையும் கையில் இருந்தது, ஒரே பதிலில் ராஜ்யம் உடைந்தது.

நெகேமியா 5-ஐயும் சேர்த்து வாசியுங்கள். வெளியே எதிரிகள் மதிலைத் தடுக்கப் பார்க்கிறார்கள், எல்லார் கவனமும் வெளியேதான். அப்போது உள்ளேயிருந்து ஒரு கூக்குரல் எழும்புகிறது. பஞ்சத்தில் தானியம் வாங்க நிலத்தையும் வீட்டையும் அடமானம் வைத்தோம், வரி கட்டக் கடன் வாங்கினோம், எங்கள் பிள்ளைகளையே அடிமையாகக் கொடுக்கிறோம் என்று ஏழைகள் கதறுகிறார்கள், வட்டி வாங்கியவர்கள் வேறு யாரும் இல்லை, சொந்தச் சகோதரர்கள். நெகேமியா அந்தக் கூக்குரலை 'நாம் ஒற்றுமையாக இருக்க வேண்டிய நேரத்தில் ஏன் சத்தம்' என்று அடக்கவில்லை. பெரியவர்களைக் கூட்டி, முகத்துக்கு நேரே கேட்டு, நிலத்தையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்க வைத்தார். அறுப்பு அறுத்தவர்களின் பிடித்து வைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4-ல் வருவதும் இதே சத்தம்தான்.

தெருவில் நடக்கிற எல்லாமே நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. கூச்சல் கேட்கும்போது, 'இதில் ஏதாவது ஒரு கூலி கூக்குரலிடுகிறதா' என்று கேட்காமல் கதவைச் சாத்திக்கொள்கிறவன் வேதத்தின் எச்சரிக்கையைக் கேட்டவன் ஆகமாட்டான் என்கிறேன்.

நாங்கள் விசுவாசிகள், எங்களுக்கு ஒன்றும் நேராது என்று நம்புவது தவறா?

எரேமியா 7-ல் ஜனங்கள் 'கர்த்தரின் ஆலயம்' என்று மூன்று முறை சொல்லித் தைரியம் கொண்டார்கள். எரேமியா அவர்களைச் சீலோவுக்குப் போய்ப் பார்க்கச் சொன்னார், முன்பு உடன்படிக்கைப் பெட்டி இருந்த ஊர் அது, பாழாய்க் கிடந்தது. பரதேசியையும் திக்கற்றவனையும் விதவையையும் ஒடுக்காமல் இருந்தால் இந்த இடத்தில் குடியிருப்பீர்கள் என்பதுதான் அவர் வைத்த நிபந்தனை. கேட்கவில்லை. கி.மு. 586 வாக்கில் பாபிலோன் சேனை ஆலயத்தைச் சுட்டெரித்தது.

எந்தத் தீர்க்கதரிசனம் உண்மை, எது பொய் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்னது அல்ல என்று உபாகமம் 18:22 சொல்கிறது. ஆனால் அதற்குக் காத்திருக்க வேண்டும், நமக்கோ இன்றைக்கே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அதனால் நான் பார்க்கிற சில விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலில் எண்ணிக்கையை நம்பாதீர்கள். 1 இராஜாக்கள் 22-ல் இஸ்ரவேல் ராஜா ஆகாபிடம் நானூறு தீர்க்கதரிசிகள் போருக்குப் போம், ஜெயம் உமக்கே என்கிறார்கள், ஒருவன் இரும்புக் கொம்புகளைச் செய்துகொண்டு வந்து நடித்தே காட்டுகிறான். மிகாயா ஒருவர் மட்டும் மேய்ப்பனில்லாத ஆடுகளைப் போல இஸ்ரவேலர் சிதறியிருப்பதைக் கண்டேன் என்கிறார். அவரைக் கூப்பிடப் போன ஆள் வழியிலேயே, எல்லாரும் நல்லதாகச் சொல்லியிருக்கிறார்கள், நீரும் அப்படியே சொல்லிவிடும் என்று கேட்டுக்கொண்டானாம். அந்த வேண்டுகோள் இன்றைக்கும் நிறைய ஊழியக்காரர்களிடம் வந்துகொண்டுதான் இருக்கிறது.

அடுத்து, அந்தச் செய்தி உங்களிடம் ஏதாவது கேட்கிறதா என்று பாருங்கள். அனனியா என்ற தீர்க்கதரிசி எரேமியாவின் கழுத்திலிருந்த மரநுகத்தைப் பிடுங்கி உடைத்து, ரெண்டு வருஷத்தில் பாபிலோனின் நுகம் இப்படி முறியும் என்றான் (எரேமியா 28). கைதட்டல் வாங்கும் செய்தி, அதில் யாரும் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. அந்த வருஷமே அவன் இறந்துபோனான். எனக்குப் பிடித்தது எரேமியா நடந்துகொண்ட விதம். ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக என்று அவர் முதலில் சொல்கிறார், ஏனென்றால் தான் சொன்ன அழிவு நடக்க வேண்டும் என்று அவருக்கு ஆசையே இல்லை. நுகம் உடைக்கப்பட்டபோதும் கைகலப்பில் இறங்காமல் தன் வழியே போய்விட்டார். அழிவைச் சொல்லும்போது குரலில் ஒரு சந்தோஷம் தெரிந்தால், அந்த ஆளிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

காணிக்கை அனுப்ப வேண்டிய எண்ணோடு சேர்ந்து வரும் எச்சரிக்கை, ஒரு கூட்டத்தை மட்டும் குறிவைத்து வெறுக்கச் சொல்லும் எச்சரிக்கை, இரண்டையும் நான் தள்ளிவிடுகிறேன். மற்றபடி 1 தெசலோனிக்கேயர் 5:20-21 சொல்வது போல அற்பமாகவும் எண்ண வேண்டாம், எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள்.

எச்சரிக்கை வீடியோ வந்தால் எல்லாருக்கும் அனுப்புவது காவற்காரனின் வேலைதானே?

காவற்காரன் தன் கண்ணால் பட்டயத்தைப் பார்த்துவிட்டு எக்காளம் ஊதுகிறான். நமக்கு வருவதோ யாரோ யாருக்கோ அனுப்பியது. நானே ஒருமுறை ஒரு கூட்டம் கடைகளை உடைப்பது போன்ற வீடியோவை, 'ஜெபியுங்கள்' என்று தலைப்புப் போட்டு நாலு குழுவுக்கு அனுப்பினேன். அது வேறொரு நாட்டில் பல வருஷத்துக்கு முன் எடுத்தது என்று மறுநாள் தெரிந்தது. அதற்குள் ஒரு தாய் பயந்துபோய்த் தன் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திவிட்டார், இன்னொருவர் அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சை விட்டுவிட்டார். ஒவ்வொரு குழுவிலும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். எழுதியதை எத்தனை பேர் படித்தார்கள் என்று தெரியவில்லை, வீடியோவை எல்லாரும் பார்த்திருந்தார்கள்.

பொய்யான சேதியை ஏற்றுக்கொள்ளாதே என்பது யாத்திராகமம் 23:1, அதற்கடுத்த வசனம் கூட்டத்தைப் பின்பற்றித் தீமை செய்யாதே. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். எபேசுவில் தெமேத்திரியு என்ற தட்டான் தன் தொழில் போய்விடும் என்று கிளப்பிவிட்ட கலவரத்தை அப்போஸ்தலர் 19-ல் பாருங்கள். அரங்கசாலை நிரம்பிவிட்டது, ஆனால் தாங்கள் எதற்காகக் கூடினோம் என்பதே பெரும்பாலானவர்களுக்குத் தெரியவில்லை. அப்படியும் ரெண்டு மணி நேரம் ஒரே கோஷம். கடைசியில் அந்தப் பட்டணத்து அதிகாரி ஒருவர், வழக்கு இருந்தால் நியாயசபை இருக்கிறதே, அங்கே போங்கள் என்று நிதானமாகப் பேசிக் கலைத்தார். விசுவாசியாக இல்லாத ஒருவருடைய நிதானத்தால் அன்று சபை தப்பியது.

இது சின்ன விஷயம் இல்லை. 1994-ல் ருவாண்டாவில் வானொலி நாள்தோறும் டுட்சி மக்களைக் கரப்பான் பூச்சிகள் என்று சொல்லிக்கொண்டிருந்தது. பெரும்பாலோர் கிறிஸ்தவர்களாக இருந்த நாடு அது. நியமாட்டாவிலும் ண்டராமாவிலும் ஆலயங்களுக்குள் அடைக்கலம் புகுந்தவர்களையும் கொன்றார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் வேதம் வாசிக்கப்பட்ட இடங்கள் அவை. இதை நினைக்கும்போதெல்லாம், எச்சரிக்கை நம் காதில் விழுந்திருக்கிறது என்பதற்கும் நாம் அதைக் கேட்டிருக்கிறோம் என்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்க முடியும் என்று நெஞ்சு பதறுகிறது.

சரி, அனுப்புவதற்கு முன் என்ன செய்யலாம்? எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று தெரியாவிட்டால் அனுப்பாதீர்கள். வழக்கில் முதலில் பேசுகிறவன் நியாயமானவனாகத் தோன்றுவான், அடுத்தவன் வந்து விசாரிக்கும்வரை (நீதிமொழிகள் 18:17). அந்த அடுத்தவனின் பேச்சும் காதில் விழட்டும். உடனே தெரிய வேண்டிய ஆபத்து என்றால் அந்தத் தெருவில் இருப்பவரைப் போனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

கிறிஸ்தவர்கள் போராட்டத்தில் கலந்துகொள்ளலாமா?

அதிகாரங்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13-ஐக் காட்டிக் கூடாது என்பார்கள், மனுஷரைவிடத் தேவனுக்கே கீழ்ப்படியச் சொல்லும் அப்போஸ்தலர் 5:29-ஐக் காட்டி வேண்டும் என்பார்கள். ரோமர் 13-ஐ எழுதிய அதே பவுல் பிலிப்பியில் ரோமக் குடிமகனான தன்னை விசாரிக்காமல் அடித்ததற்காக அதிகாரிகளே நேரில் வந்து வெளியே அழைத்துப்போகட்டும் என்று உட்கார்ந்துகொண்டார் (அப்போஸ்தலர் 16:37). உரிமையைக் கேட்பது கலகம் என்று அவர் நினைக்கவில்லை. மார்ட்டின் லூதர் கிங் 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் பேசியபோது ஆமோஸ் 5:24-ஐத்தான் எடுத்தார், நியாயம் தண்ணீரைப் போலப் புரண்டு வரட்டும் என்று. அதே வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு 1534-ல் மூன்ஸ்டர் நகரத்தைப் பிடித்த ஒரு கூட்டம் அதைப் புதிய எருசலேம் என்று அறிவித்து, பட்டயத்தால் ஆண்டு, அடுத்த வருஷம் இரத்தத்தில் முடிந்தது.

என் கருத்து இது: போகலாம், அநியாயத்துக்கு ஆளானவனோடு கூட நிற்கப் போகலாம். கல் எடுக்கும் கை உங்கள் பக்கத்தில் இருந்தால் அதைப் பிடியுங்கள், முடியாவிட்டால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். ரோமர் 13-ஐப் பேசுகிறவர்கள் அதற்கு முந்தின ரெண்டு வசனங்களையும் சேர்த்து வாசித்தால் நல்லது, பசித்திருக்கும் சத்துருவுக்குப் போஜனம் கொடு, தீமையை நன்மையினாலே வெல்லு என்று இருக்கிறது.

போதகர் மேடையிலிருந்து இதையெல்லாம் பேசலாமா?

யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று சொல்லக் கூடாது. அநியாயத்தை அநியாயம் என்று சொல்ல வேண்டும். தாவீதின் முகத்துக்கு முன் நாத்தான் அதைத்தான் செய்தார், கூலி கொடுக்காமல் அரண்மனை கட்டிய யூதா ராஜா யோயாக்கீமை எரேமியா 22 பெயர் சொல்லியே கண்டிக்கிறது.

உபவாசித்து ஜெபித்தால் போதாதா?

ஜெபிக்காமல் எதையும் தொடங்க வேண்டாம். ஆனால் நெகேமியா 4:9-ல் ஜெபமும் ஜாமக்காவலும் ஒரே வசனத்தில் இருக்கின்றன. அகபு என்ற தீர்க்கதரிசி அந்தியோகியாவில் பெரிய பஞ்சம் வரப்போகிறது என்றபோது (அப்போஸ்தலர் 11:28-30) சீஷர்கள் செய்தது எனக்கு எப்போதும் வழிகாட்டி. எந்த வருஷம், எத்தனை மாதம் என்று கேட்டதாக எழுதியில்லை. அவரவர் தங்கள் திராணிக்குத் தக்கதாகப் பணம் சேர்த்து, யூதேயாவில் இருக்கும் சகோதரருக்குப் பர்னபா, சவுல் கையில் கொடுத்தனுப்பினார்கள். பஞ்சம் வருகிறது என்றவுடன் நம் வீட்டுக்கு எத்தனை மூட்டை என்று யோசிக்காமல், யாருக்கு முதலில் பசிக்கும் என்று யோசித்த சபை அது.

உங்கள் சபையில் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். தனியாக இருக்கும் முதியவர்கள், தினக்கூலிக்குப் போகிறவர்கள், மருந்து தவறாமல் சாப்பிட வேண்டியவர்கள் யார் யார் என்று ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பாளரை நியமியுங்கள். தெரு அடைக்கப்பட்ட அன்று இந்த நோட்டு பேசும். அந்தப் பட்டியலில் சபைக்கு வராத அயலாரும் இருக்கட்டும், முக்கியமாக இப்போது ஜனங்கள் யார் மேல் கோபமாக இருக்கிறார்களோ அவர்கள்.

ஆபத்து வரும்போது ஊரைவிட்டுப் போவது அவிசுவாசமா?

இல்லை. குழந்தை இயேசுவை எகிப்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், பவுலைக் கூடையில் வைத்து மதிலிலிருந்து இறக்கினார்கள். எருசலேமைச் சேனைகள் சூழ்ந்திருப்பதைக் காணும்போது ஓடிப்போங்கள் என்று இயேசுவே சொன்னார் (லூக்கா 21:20-21). கி.பி. 66-ல் தொடங்கிய யூதப் போருக்கு முன் எருசலேம் கிறிஸ்தவர்கள் யோர்தானுக்கு அப்பால் பெல்லா என்ற ஊருக்குப் போய்விட்டதாகச் சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் எழுதியிருக்கிறார். உள்ளே இருந்தவர்களின் கதையை யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் எழுதியிருக்கிறார். ரோமர் வெளியே நிற்க, உள்ளே மூன்று கூட்டங்கள் ஒன்றோடொன்று சண்டை போட்டுத் தங்கள் தானியக் கிடங்குகளையே எரித்துக்கொண்டன. ஆலயம் எரிந்த அன்று ஒரு பொய்த் தீர்க்கதரிசி ஆலயத்துக்குப் போங்கள், விடுதலையின் அடையாளங்களைக் காண்பீர்கள் என்று சொல்ல, அவனை நம்பிப் போன ஆறாயிரம் பேர் நெருப்பில் மாண்டார்கள் என்கிறார்.

எச்சரித்தும் வீட்டார் கேட்கவில்லை, கேலி செய்கிறார்கள். என்ன செய்வது?

லோத்தின் மருமக்களுக்கும் அவன் பரியாசம் பண்ணுகிறவன் போலத்தான் தெரிந்தான். கொஞ்சம் கடினமான கேள்வி ஒன்று கேட்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்: அதுவரை அவர்கள் பார்த்த லோத்து எப்படி வாழ்ந்தவன்? வருஷக்கணக்கில் அந்த ஊர் வாசலில் உட்கார்ந்திருந்தவன் ஒரு ராத்திரியில் வந்து அழிவைப் பற்றிப் பேசினால் நம்புவது கஷ்டம்தான். நம்முடைய நடையைப் பார்த்துத்தான் வீட்டார் நம் பேச்சை நிறுக்கிறார்கள்.

இன்னொன்று எசேக்கியேலுக்கு நடந்தது. ஜனங்கள் அவரைக் கேலி செய்யவில்லை, சுவரோரத்திலும் வாசல்களிலும் அவரைப் பற்றிப் பேசி, வா, போய்க் கேட்போம் என்று கூட்டமாக வந்து உட்கார்ந்தார்கள். இனிய குரலில் பாடுகிறவனின் பாட்டைக் கேட்பது போலக் கேட்டுவிட்டு, ஒன்றும் செய்யாமல் எழுந்து போனார்கள் (33:30-32). கேலியைவிட இது ஆபத்தானது.

பொறுப்பு உங்களுடையது, முடிவு அவர்களுடையது, அதை 33:9 தெளிவாகச் சொல்கிறது. திரும்பத் திரும்ப நச்சரிக்காதீர்கள், ஒருமுறை அன்பாய், தெளிவாய்ச் சொல்லுங்கள். இயேசு எருசலேமைப் பார்த்துக் கண்ணீர்விட்டு அழுதுகொண்டுதான் அதன் அழிவைச் சொன்னார் (லூக்கா 19:41).

செய்தியைப் பார்த்துப் பார்த்துத் தூக்கமே வருவதில்லை, எப்படிச் சமாளிப்பது?

ராத்திரியில் போனைப் படுக்கைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை நம்பகமான செய்தி போதும். நெஞ்சு படபடப்பு, மூச்சுத் திணறல் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள், அது விசுவாசக் குறைவு ஆகாது.

அப்புறம் எரேமியா 32-ஐ வாசியுங்கள். பாபிலோன் சேனை நகரத்தை முற்றுகையிட்டிருக்கிறது, எரேமியா காவலில் இருக்கிறார், நகரம் விழும் என்று சொன்னவரே அவர்தான். அப்போது அவருடைய பெரியப்பா மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கும் என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்துப் பத்திரம் எழுதி, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். திரும்பவும் இந்தத் தேசத்தில் வீடும் நிலமும் திராட்சத்தோட்டமும் வாங்கப்படும் என்று கர்த்தர் சொன்னதற்காக. வருகிற அழிவை அவ்வளவு தெளிவாகப் பார்த்த மனிதன் கைக்காசு போட்டு நிலம் வாங்குகிறார். நீங்களும் பிள்ளையின் படிப்பையோ வீட்டு வேலையையோ நிறுத்திவிடாதீர்கள்.

எங்கிருந்து வாசிக்கத் தொடங்கலாம்?

எரேமியா 36 முதல் 39 வரை, ஒரே உட்காரலில். யோயாக்கீம் குளிர்கால அரண்மனையில் கணப்பு நெருப்புக்கு முன் உட்கார்ந்திருக்கிறான். எரேமியா சொல்லச் சொல்லப் பாருக் எழுதிய சுருளிலிருந்து மூன்று நான்கு பத்தி வாசிக்கப்பட்டவுடன் அதைச் சூரிக்கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறான், சுருள் தீரும்வரை அப்படியே செய்கிறான், மூன்று அதிகாரிகள் வேண்டாம் என்று கெஞ்சியும் கேட்கவில்லை. பின்னால் ராஜாவான சிதேக்கியா எரிக்கவில்லை, எரேமியாவை இரகசியமாகக் கூப்பிட்டுக் கேட்டான், ஆனால் மனுஷருக்குப் பயந்து ஒன்றும் செய்யவில்லை. எத்தியோப்பியனான எபெத்மெலேக் ராஜாவிடம் நேரே போய்ப் பேசினான், சேற்றுக் குழியில் கிடந்த எரேமியாவின் அக்குளில் கயிறு உறுத்தாமல் இருக்கப் பழந்துணிகளையும் சேர்த்து இறக்கினான். நகரம் விழுந்த நாளுக்கென்று கர்த்தர் அவனுக்குச் சொல்லி அனுப்பிய வார்த்தை 39:15-18-ல் இருக்கிறது.